ஹைதர் அலீயின் மூன்றரை நாள்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது எம் ஊராகிய தவளக்குப்பம். பகலும் இரவும் ஓயாமல் வண்டிகள் விரையும் வழி அது. மாலைப் பாடத்துக்கு எம்மிடம் வரும் பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடந்துதான் வரவேண்டும். அண்மையில் ஒரு நாள் மைசூர் வேந்தர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஹைதர் அலீ குதிரைப் படையுடன் சென்னையின் வாயிலுக்கே வந்து நின்ற கதையைக் கூறினோம். கேட்டுக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், அவ்வளவு தூரம் வந்தவர் சென்னையைப் பிடித்திருக்கலாமே! ஏன் சமாதானம் பேசிவிட்டுத் திரும்பிப் போனார்?” என்று கேட்டான்.

சிறுவன் கேட்டது சிறிய கேள்வியன்று. அதற்கு விடை சொல்லப் புகுந்தால் ஒரு போர்த்தலைவரின் கூர்மதியையும், அவரது வெற்றியின் எல்லையையும், அந்த வெற்றிக்கு நம் தமிழ் மண் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். அன்று பிள்ளைகளிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

ஒரு சிறு கோட்டை தின்ற காலம்

போரில் காலம் என்பது எத்தகைய பொருள் என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எம் ஊருக்கு வடக்கே அடுத்திருக்கிறது அரியாங்குப்பம். 1748ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் பெரும் படையுடன் புதுச்சேரியைக் கைப்பற்ற வந்தார். அந்நகரை டியூப்ளே ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நகரின் தென்புறத்துக் காவலாக அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர் ஒரு சிறு கோட்டையை வைத்திருந்தனர். பாஸ்கவன் அதனைக் கடந்து செல்லத் துணியாமல், முதலில் அதைப் பிடிக்க முனைந்தார். முதல் தாக்குதல் தோற்றது. நாட்கள் பல கழிந்தன. கோட்டையிலிருந்த வெடிமருந்து தற்செயலாகத் தீப்பற்றி வெடித்த பின்னரே பிரெஞ்சுக்காரர் அதைக் கைவிட்டனர். அதன் பிறகு புதுச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலேயர் வடகிழக்குப் பருவமழையின் வாயில் அகப்பட்டனர். நோயும் சேறும் சூழ, அக்டோபர் மாதத்தில் முற்றுகையை நீக்கிக்கொண்டு திரும்பினர்.

ஒரு சிறு கோட்டை அவர்களுடைய காலத்தைத் தின்றது. மிஞ்சியதை மழை தின்றது. ஆளும் இருந்தது, பீரங்கியும் இருந்தது, கப்பலும் இருந்தது. காலம் மட்டும் இல்லாமற் போயிற்று. இதற்கு நேர் எதிரான பாடத்தை 21 ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலேயருக்குக் கற்பித்தவர்தாம் ஹைதர் அலீ.

எழுதப் படிக்க அறியாத மேதை

ஹைதரின் தந்தை ஃபத்ஹ் முஹம்மது ஒரு போர்வீரர். ஹைதர் சிறுவராயிருக்கும்போதே அவர் போர்க்களத்தில் மாண்டார். அநாதையாய் வளர்ந்த ஹைதர் எழுதவோ படிக்கவோ கற்றாரில்லை. ஆயினும் கேட்டதை மறவாத நினைவாற்றலும், ஒரே நேரத்தில் பல காரியங்களைக் கவனிக்கும் திறமும் அவருக்கு வாய்த்திருந்தன. 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் அவர் காட்டிய வீரம் மைசூர் அமைச்சர் நஞ்சராஜரின் கண்ணில் பட்டது. அதன்பின் கர்நாடகப் போர்களில் மைசூர்ப் படையோடு தமிழகம் வந்தார். திருச்சிராப்பள்ளியைச் சுற்றி நடந்த நீண்ட போராட்டத்தில் பிரெஞ்சு, ஆங்கிலப் படைகள் அணிவகுத்து நின்று சுடுவதையும், அவற்றின் பீரங்கிகள் வேலை செய்வதையும் அருகிருந்து பார்த்தார்.

1755இல் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராக அமர்ந்தபோது அங்கே பிரெஞ்சுக் கைவினைஞரின் துணைகொண்டு படைக்கலச் சாலை ஒன்றை நிறுவினார். 1761க்குள் மைசூரின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்துவிட்டது. ஐரோப்பியரிடமிருந்து அவர் துப்பாக்கியையும் பீரங்கியையும் ஏற்றார். ஆனால் அவர்களுடைய மெதுநடையை ஏற்கவில்லை. தக்காணத்தின் குதிரைவீரன் ஒரு பிடி தானியத்தை முடிந்துகொண்டு நாள் முழுவதும் ஓடவல்லவன். அந்தப் பழைய வலிமையை விட்டுவிடாமல் அதன்மேல் புதிய கருவியைப் பொருத்தியதே ஹைதரின் மேதைமை.

கம்பெனியின் படையும் ஹைதரின் படையும்

1767இல் முதல் மைசூர்ப் போர் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித் ஹைதரையும் அவருக்குத் துணையாயிருந்த நிஜாமையும் தோற்கடித்தார். நேருக்கு நேர் நின்று போரிட்டால் கம்பெனியின் காலாட்படையை உடைப்பது அரிது என்பதை ஹைதர் அங்கே உணர்ந்தார். அதே நாட்களில் அவருடைய மகன் திப்பு, 17 வயதுக்கு மேற்படாத இளைஞர், ஒரு குதிரைப் பிரிவுடன் சென்னையின் புறநகர்த் தோட்ட மாளிகைகள் வரை பாய்ந்து சென்று திரும்பினார். கவர்னரும் அவருடைய ஆலோசனைச் சபையாரும் அகப்படாமல் தப்பியது அருமை. இந்த நிகழ்ச்சி ஹைதரின் மனத்தில் ஒரு வித்தாக விழுந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

1768இல் நிஜாம் ஹைதரைக் கைவிட்டு ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். கம்பெனிப் படை மைசூர் எல்லைக்குள் புகுந்து பெங்களூரைப் பிடிக்க எண்ணியது. ஆனால் அப்படை எப்படி நடந்தது? பீரங்கிகளை மாடுகள் இழுத்தன. அரிசி மூட்டைகளை மாடுகள் சுமந்தன. அந்த மாடுகளும் போதுமான அளவு கிடைக்கவில்லை. போர்வீரரினும் பன்மடங்கான பணியாளரும் வணிகரும் பின்தொடர்ந்தனர். போதாக்குறைக்குச் சென்னைச் சபை தன் உறுப்பினர் இருவரைத் தளபதிக்கு மேற்பார்வையாளராகப் பாசறைக்கே அனுப்பியிருந்தது. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீயும் பாசறையில் இருந்தார். ஒரு முடிவு எடுப்பதற்குள் ஹைதர் வேறோர் ஊரில் இருப்பார். குதிரைப்படையும் ஆங்கிலேயரிடம் மிகக் குறைவு. தப்பியோடுபவனைத் துரத்தவும் இயலாது. வருபவனை முன்னறியவும் இயலாது.

ஹைதரின் பாசறையிலோ ஒற்றர்களும் ஓட்டத்தூதர்களும் இடையறாது வந்து போய்க்கொண்டிருந்தனர். முடிவெடுப்பவர் ஒருவரே. 1768இன் இறுதியில் அவர் மலைக்கணவாய்கள் வழியே கீழிறங்கிக் கோயம்புத்தூர், சேலம், ஈரோடு என்று கம்பெனி சிதறி நிறுத்தியிருந்த காவற்படைகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினார். ஓராண்டு முயன்று ஆங்கிலேயர் பிடித்தவை சில வாரங்களில் கைமாறின.

மூன்றரை நாள்

1769இன் தொடக்கத்தில் சமாதானப் பேச்சு ஒருமுறை நடந்து முறிந்தது. அதன்பின் ஹைதர் ஆடிய ஆட்டம்தான் நம் பிள்ளைகள் வியந்த கதை. அவர் தம் படைகளை இங்கும் அங்குமாக நகர்த்தி, ஸ்மித்தின் படையைச் சென்னையிலிருந்து தெற்கே வெகுதூரம் இழுத்து வந்துவிட்டார். பிறகு தம் காலாட்படையின் பெரும்பகுதியையும் பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் மேற்கே மலைக்கணவாய் நோக்கித் திருப்பி அனுப்பினார். பார்ப்பவர்கள் ஹைதர் ஊர் திரும்புகிறார் என்றே எண்ணியிருப்பர். அவரோ தேர்ந்தெடுத்த 6,000 குதிரைவீரரைத் தம்முடன் வைத்துக்கொண்டார். வடக்கே திரும்பினார். 130 மைல் தொலைவை மூன்றரை நாட்களில் கடந்தார். 1769 மார்ச் 29ஆம் நாள் சென்னைக்கு ஐந்து மைல் தொலைவில் அவர் கொடி தெரிந்தது.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 மைல்! அக்காலத்துக் கம்பெனிப் படை ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தாலே பெரிது. ஸ்மித் பின்னால் விரைந்து வந்துகொண்டிருந்தார். ஆனால் காலம் அவர் பக்கம் இல்லை.

இனிச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். ஹைதர் சென்னையைப் பிடித்திருக்கலாமா? பிடித்திருக்க முடியாது என்பதே எம் விடை. செயின்ட் ஜார்ஜ் கோட்டை வலிமையானது. 1758 டிசம்பரில் தொடங்கி 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும் பீரங்கிகளோடு முற்றுகையிட்டும் அது விழவில்லை. பீரங்கி ஒன்றுமில்லாத குதிரைப்படை அதன் மதிலை என்ன செய்யும்? அங்கே ஒரு வாரம் நின்றிருந்தால் ஸ்மித் வந்து முதுகில் தாக்கியிருப்பார். பாஸ்கவனுக்கு அரியாங்குப்பம் எப்படியோ, அப்படி ஹைதருக்குச் சென்னைக் கோட்டை ஆகியிருக்கும்.

இதனை ஹைதர் நன்கறிவார். அவர் வந்தது கோட்டையைப் பிடிக்க அன்று. கோட்டைக்குள் இருந்தவர்களின் மனத்தைப் பிடிக்க. கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரம் போதிய மதிலின்றிக் கிடந்தது. வணிகரின் செல்வமெல்லாம் அங்கே. அதற்கப்பால் கம்பெனி அதிகாரிகளின் தோட்ட மாளிகைகள். அனைத்தும் 6,000 குதிரைகளின் குளம்புக்கு எட்டும் தொலைவில் இருந்தன. ஹைதர் கொள்ளையிடவில்லை. தாம் சமாதானம் செய்ய வந்திருப்பதாகக் கவர்னருக்கு எழுதினார். பேச்சுக்குச் சபையின் உறுப்பினரான டூ ப்ரேயை அனுப்புமாறும், ஸ்மித்தின் படை வரும் வழியிலேயே நிற்க ஆணையிடுமாறும் கேட்டார். கவர்னர் பூர்ச்சியரின் சபை இரண்டுக்கும் இணங்கிற்று.

ஏப்ரல் முதல் வாரத்தில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இரு தரப்பும் பிடித்தவற்றைத் திருப்பிக் கொடுப்பது. கரூர் மட்டும் ஹைதருக்கு உரியது. ஒருவரை வேறொருவர் தாக்கினால் மற்றவர் துணைக்கு வருவது. இவையே அதன் சாரம். தம் வாயிலில் வந்து நின்ற ஓர் இந்திய வேந்தர் சொன்னபடி கம்பெனி கையெழுத்திட்ட அரிய நிகழ்ச்சி அது. கோட்டைக்குள் இருந்தவர்கள் பெற்ற அச்சம் எத்தகையது என்பதற்குச் சென்னையில் இன்றும் ஓர் அடையாளம் உண்டு. கறுப்பர் நகரத்தைச் சுற்றி அவசரமாக எழுப்பிய மதிலுக்கு வரி விதிக்க எண்ணியதால் வந்த பெயரே ‘வால் டாக்ஸ் ரோடு’. மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பெயர் மக்கள் வாயில் நிற்கிறது.

விரைவின் இலக்கணம்

இத்தகைய துணிவு வரலாற்றுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 13இல், கி.பி. 634இல், கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆணையைப் பெற்ற காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள், ஈராக்கிலிருந்து ஷாம் நாட்டுக்கு நீரற்ற பாலை வழியே படை நடத்திச் சென்றதை அரபு வரலாற்றாசிரியர்கள் விரித்துரைக்கின்றனர். எந்த வழியே ஒரு படை வர இயலாது என்று பகைவர் நம்பியிருந்தனரோ, அந்த வழியே அவர்கள் வந்தார்கள். ஐரோப்பாவில் 1674ஆம் ஆண்டுக் கடுங்குளிரில், படைகள் ஓய்ந்திருக்கும் பருவத்தில், பிரெஞ்சுத் தளபதி தூரென் மலைத்தொடரின் மறைவில் படையை நடத்திச் சென்று அல்சாஸ் நாட்டில் தங்கியிருந்த பகைவரை எதிர்பாராமல் தாக்கினார். மூவரிடமும் ஒரே இலக்கணத்தைக் காண்கிறோம். எதை எடுத்துச் செல்வது என்பதைவிட எதை விட்டுச் செல்வது என்பதை அவர்கள் முதலில் முடிவு செய்தனர்.

விரைவு என்றால் குதிரை மட்டும் என்று எண்ணிவிடலாகாது. மைசூரின் வேகத்துக்கு மற்றோர் உயிரும் காரணம், அது காளை. மைசூர் அரசர்கள் காலந்தொட்டுப் போற்றி வளர்த்த கால்நடை மந்தைகளை ஹைதர் தம் படைக்குப் பயன்படுத்தினார். பின்னர் திப்பு சுல்தான் அதற்கு ‘அம்ருத் மஹால்’ என்று பெயரிட்டார். நீண்டு கூர்ந்த கொம்பும், இறுகிய உடலும், குதிரைக்கு ஈடுகொடுக்கும் நடையும் கொண்ட அக்காளைகள் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு ஓடின. களத்தில் தோற்றாலும் பகைவர் நெருங்குமுன் பீரங்கிகளை மீட்டுக்கொண்டு போயின. அமைதிக் காலத்தில் பொறுமையுடன் செய்யும் கால்நடைப் பராமரிப்பே போர்க்காலத்தில் மின்னல் வேகமாக வெளிப்பட்டது. பிள்ளைகளுக்கு நாம் அழுத்திச் சொன்ன பாடம் இது.

முறிந்த வாக்கும் மூண்ட நெருப்பும்

உடன்படிக்கையை ஹைதர் நம்பினார். ஆனால் அடுத்த ஆண்டிலேயே பேஷ்வா மாதவராவின் மராட்டியப் படை மைசூரைத் தாக்கியபோது கம்பெனி உதவிக்கு வரவில்லை. அந்தப் புண் ஆறவேயில்லை. 1778 அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தனர். 1779 மார்ச்சில், ஹைதரின் எச்சரிக்கையையும் மீறி, அவருக்குப் படைக்கலம் வந்திறங்கும் மாஹே துறைமுகத்தையும் பிடித்தனர்.

1780 ஜூலையில் ஹைதர் மீண்டும் கணவாய்களைக் கடந்து இறங்கினார். இம்முறை 6,000 அல்ல. ஏறத்தாழ 80,000 பேர். விரைவும் எதிர்பாராமையும் மீண்டும் பலித்தன. கர்னல் பெய்லி வடக்கே குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். தளபதி மன்றோ காஞ்சிபுரத்தில் காத்திருந்தார். இருவரும் சேர்ந்துவிட்டால் வெல்வது அரிது. வெள்ளம் பெருகிய கொற்றலையாறு பெய்லியைப் பத்து நாள் அளவு தடுத்தது. செப்டம்பர் 6இல் பெரம்பாக்கத்தருகே திப்பு அவரைத் தாக்கி நிறுத்தினார். ஹைதர் மன்றோவின் கண்முன்னே தம் பாசறையை வைத்திருப்பதுபோல் காட்டிக்கொண்டு, இரவோடிரவாகப் படையையும் பீரங்கிகளையும் பெய்லியின் பக்கம் நகர்த்தினார். செப்டம்பர் 10 விடியலில் பொல்லிலூரில் பெய்லி சுற்றி வளைக்கப்பட்டார். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை அழிந்தது. சில மைல் தொலைவிலிருந்த மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போரின் ஓவியம் இன்றும் காணத்தக்கது.

இதுவரை எழுதிய பேனா இங்கே தயங்குகிறது. ஆயினும் உண்மையை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

அதே 1780 ஜூலையில் ஹைதரின் இளைய மகன் கரீம் ஒரு குதிரைப் பிரிவுடன் பாய்ந்து சென்று சூறையாடிய ஊர் எது தெரியுமா? பரங்கிப்பேட்டை! மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த துறைமுகம். மரைக்காயர் பெருமக்களின் கப்பல்கள் நின்ற கரை. பள்ளிவாசல்களும் இறைநேசர்களின் அடக்கத்தலங்களும் நிறைந்த ஊர். கலிமாச் சொன்னவரின் குதிரைகள் கலிமாச் சொன்னவரின் கடைவீதியில் புகுந்தன. பகைவரின் தானியக் கிடங்கு, பகைவரின் துறைமுகம் என்பதற்கு மேல் அக்குதிரைகளுக்கு வேறொன்றும் தெரியவில்லை. பழவேற்காடு ஏரியிலிருந்து புதுச்சேரி வரை கடற்கரையை ஒட்டிய நாடு ஆங்கிலப் படைக்கு ஒரு பிடி நெல்லும் கிடைக்காதபடி எரியூட்டப்பட்டது. போர் உத்தி என்ற வகையில் அதன் கணக்குச் சரியே. மாடும் நெல்லும் கிடைக்காமல் கம்பெனிப் படை முடங்கியது. ஆனால் எரிந்தது கம்பெனியின் வயலன்று; உழவனின் வயல். பசித்தது கவர்னரின் பிள்ளையன்று, கூலியாளின் பிள்ளை. 1781, 1782ஆம் ஆண்டுகளில் சென்னையைப் பஞ்சம் வாட்டியது. அப்போது கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவுதான், பிற்காலத்து ஸ்டான்லி மருத்துவமனையை மக்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று அழைத்ததில் நின்றது.

ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பிய அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் தளபதிக்குச் சொன்ன அறிவுரையை இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்துள்ளார். முதியோரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் கொல்லலாகாது. காய்க்கும் மரத்தை வெட்டலாகாது. குடியிருப்பை அழிக்கலாகாது என்பது அதன் கருத்து. அந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் 1769இன் ஹைதர் பொன்னாக மின்னுகிறார். 1780இன் நெருப்பு கறுக்கிறது. ஹைதர் நம்மவர் என்பதற்காக உரைகல்லை மாற்றிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. ஆங்கிலேயர் வாக்குத் தவறினர் என்பது உண்மை. அந்தக் குற்றத்துக்கு உழவன் பொறுப்பாளியல்லன் என்பதும் அதே அளவு உண்மை. இது மதப்போருமன்று. ஆங்கிலேயரின் பக்கம் நவாப் முஹம்மது அலீ நின்றார். ஹைதரின் பக்கம் பிரெஞ்சுக் கிறித்தவரும் மைசூர்ப் பிராமண அமைச்சரும் நின்றனர். அரசுகளின் போராட்டத்தை மார்க்கத்தின் கணக்கில் எழுதுவோர் இருசாராரிலும் உண்டு; இருவருமே தவறுகின்றனர்.

விரைவும் தோற்கும் இடம்

1781இல் புதிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் எம் ஊர்ப் பகுதிக்கே வந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு அவர் படை நகர்ந்தது. ஜூன் 18இல் சிதம்பரத்தில் கோயிலை அரணாகக் கொண்டிருந்த மைசூர்ப் படையைத் தாக்கித் தோற்றார். செய்தி கேட்ட ஹைதர் இரண்டரை நாளில் 100 மைல் கடந்து வந்து, பரங்கிப்பேட்டையிலிருந்த கூட்டுக்கும் கடலூருக்கும் நடுவே குறுக்கே நின்றார். அந்த வேகத்துக்குக் கைகொடுத்தவை முன்பு சொன்ன காளைகளே.

ஆனால் வந்து சேர்ந்த பிறகு அவர் செய்ததென்ன? அரண் எழுப்பிக்கொண்டு காத்து நின்றார். ஜூலை 1ஆம் நாள் கூட் சுமார் 8,000 பேருடன் அந்த அரணை நேரே முட்டாமல், கடற்கரை மணற்குன்றுகளின் மறைவில் சுற்றிச் சென்று பக்கவாட்டில் தாக்கி வென்றார். எதிர்பாராத வழி என்னும் ஹைதரின் படைக்கலம் அன்று பகைவர் கைக்குப் போயிற்று. தோல்விக்குப் பின்னும் போர் முடியவில்லை. 1782 பிப்ரவரியில் கொள்ளிடக் கரையில் அன்னகுடியருகே திப்பு எதிர்பாராது பாய்ந்து கர்னல் பிரெய்த்வெயிட்டின் ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட படையை மடக்கினார். ஆயினும் கடல் ஆங்கிலேயரிடம் இருந்தது. நிலத்தில் எரிந்த நெல்லை அவர்கள் வங்காளத்திலிருந்து கப்பலில் கொண்டுவர முடிந்தது. குதிரை எவ்வளவு விரைந்தாலும் கடலின் விளிம்பில் நின்றுதானே ஆகவேண்டும்!

1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கருகில் நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் அலீ இறையடி சேர்ந்தார். போர் அவருக்குப் பின்னும் நீண்டது.

அந்தச் சிறுவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: “தம்பி, சென்னை வாயிலில் ஹைதர் நின்ற அந்த நாள்தான் அவர் வாழ்வின் மிகப் பெரிய வெற்றி. வேகமாக வந்ததால் மட்டுமன்று. வந்த இடத்தில் எது முடியும், எது முடியாது என்று அறிந்து, முடிந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு, திரும்பியதால். பதினோராண்டு கழித்து அவர் பெரும் படையோடு வந்தார். பெரும் போரிலும் வென்றார். ஆனால் அந்த மூன்றரை நாள் தந்த சமாதானம் அவருக்குப் பிறகு கிட்டவேயில்லை.”

சிறுவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்தான். பிறகு, “பரங்கிப்பேட்டைக்காரர்கள் ஹைதரை மன்னித்திருப்பார்களா, ஹஜ்ரத்?” என்று கேட்டான். அவனுடைய தாயாரின் ஊர் அது. அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை. பாடம் முடிந்து பிள்ளைகள் கிளம்பியபோது, சாலையைப் பார்த்துக் கடந்து செல்லுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.